ஊருக்குப் போய் வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால்: எந்தக் கோளாறு எதனால், கிளம்பும் முன் என்ன செய்திருக்க வேண்டும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் காலம் பெரும்பாலும் இரண்டு. சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறைக்கு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு. முன்னதில் வெயிலும் லோ வோல்டேஜும். பின்னதில் அடைமழையும் ஓதமும் கரண்ட் கட்டும். இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: வெளிநாட்டில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்கு இரண்டு மூன்று மாதம் போய் வருவது. மூன்றிலுமே ஃபிரிட்ஜ் கெடுவதற்கு அடிப்படைக் காரணம் ஒன்றுதான். ஃபிரிட்ஜை ஒழுங்காக ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் முழுக்கக் காய விட வேண்டும். இரண்டுங்கெட்டானாக விட்டால்தான் நாற்றம், பூசணம், கொசுப்புழு எல்லாம்.

எதை ஓட விடுவது, எதை நிறுத்துவது? இரண்டு வாரம் வரை என்றால் ஓடட்டும். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் நிறுத்திவிடுங்கள். இடைப்பட்ட காலத்துக்கு, ஃப்ரீசரில் காப்பாற்ற வேண்டிய பொருள் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். கரண்ட் பில்லுக்குப் பயந்து பத்து நாளுக்கு நிறுத்துவது வீண். ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 180 என்றால் நாளைக்கு அரை யூனிட், பத்து நாளைக்கு ஐந்து யூனிட். திறக்காத ஃபிரிட்ஜ் அதையும்விடக் குறைவாகத்தான் இழுக்கும்.

இன்னொன்று. கிளம்பும்போது மெயினை இறக்கிவிட்டுப் போவது பல வீடுகளில் பழக்கம். உள்ளே பாலும் மீனும் இருக்க, பூட்டும்போது மெயினையும் இறக்கிவிட்டுப் போனதால் வந்த சேதம்தான் இந்த வட்டாரத்தில் அதிகம். ஃபிரிட்ஜ் ஓட வேண்டுமென்றால் அதற்கான எம்சிபியை (மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சுவிட்ச்) மட்டும் மேலே விட்டு மற்றவற்றை இறக்குங்கள். எது ஃபிரிட்ஜ் லைன் என்று தெரியாவிட்டால் முதல் நாளே ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, பேனாவால் குறித்து வையுங்கள்.

ஃப்ரீசரில் எல்லாம் கல்லாக இருக்கிறது, ஆனால் நடுவில் கரண்ட் போயிருக்குமோ என்ற சந்தேகம்

இது கோளாறாகவே தெரியாது, அதனால்தான் ஆபத்து. இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் உருகி, கெட்டு, மறுபடி உறைந்த மீனும் பார்வைக்கு நல்ல மீன் போலத்தான் இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு டம்ளரில் விளிம்புக்கு இரண்டு விரல் குறைவாகத் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் முந்தின நாளே உறைய வையுங்கள். உறைந்தால் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும், அதற்குத்தான் அந்த இடைவெளி. ஐஸ் நன்றாக இறுகியபின் மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வரும்போது நாணயம் வைத்த இடத்திலேயே இருந்தால் ஃப்ரீசர் உருகவில்லை. அடியில் கிடந்தால் முழுதும் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மீன், கறி, இறால் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். நடுவில் சிக்கியிருந்தாலும் அசைவத்தை நம்ப வேண்டாம்.

நாணயம் மேலேயே இருந்துவிட்டால் கீழ்த்தட்டில் உள்ளதும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஃப்ரீசருக்கு மட்டும்தான் சாட்சி. கதவு திறக்காத ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 4 மணி நேரம்தான் குளிரைத் தாங்கும். நிறைந்த தனி ஃப்ரீசர் 48 மணி, பாதி நிறைந்தது 24 மணி தாங்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேலே உள்ள சின்னப் பெட்டி அவ்வளவு நேரம் தாங்காது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்திய மின்சாரம் மாலையில் வந்தால், நாணயம் இம்மி அசைந்திருக்காது, ஆனால் கீழே இருந்த பாலும் குழம்பும் போயிருக்கும். ஆகவே ஓட விட்டுப் போனாலும் கீழ்ப்பகுதியில் பால், தயிர், சமைத்தது, மாவு, கீரை, தேங்காய்த் துருவல் எதுவும் இருக்கக் கூடாது.

ஃப்ரீசரில் காலி இடம் இருந்தால் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டில்களை அடுக்கி உறைய வையுங்கள். கரண்ட் போனால் அந்த ஐஸ்தான் குளிரைப் பிடித்து வைக்கும். கண்ணாடி பாட்டில் வைத்தால் வெடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பல வீடுகளில் ஃபிரிட்ஜ் அந்த லைனிலேயே இருக்காது.

கதவைத் திறந்ததும் நாற்றம்

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கெட்டதைக் கவரில் கட்டி வெளியேற்றுங்கள். தட்டுகள், காய்கறிப் பெட்டி, கதவு ரேக்குகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கண்ணாடித் தட்டு குளிர்ந்திருக்கும்போதே வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும், அரை மணி வெளியே வைத்துவிட்டுக் கழுவுங்கள்.

பிறகு எது என்று முகர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் மருந்து வாடையைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் சமையல் சோடா என்று சொல்வது பாதிதான் சரி.

புளிச்ச வாடை என்றால் பால், தயிர், இட்லி மாவு. அது அமிலம். அதற்குச் சோடா சரி: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் துடையுங்கள்.

கவிச்சி வாடை என்றால் நிலைமை தலைகீழ். மீன் கெடும்போது வரும் வாடைப்பொருள் காரத்தன்மை கொண்டது, அதற்குச் சோடா போட்டால் குறையாது. அமிலம் வேண்டும். மீன் கழுவிய சட்டியைப் புளி போட்டுத் தேய்ப்பது இதனால்தான். ஃபிரிட்ஜின் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் புளி கறை விடும் என்பதால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடையுங்கள், எலுமிச்சைச் சாறும் ஆகும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டி பெரும்பாலும் அலுமினியம். அதில் வினிகரையோ சோடாவையோ ஊற விடாமல் உடனே வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பொத்தல் அரிப்பு வரும்.

துடைத்தும் வாடை இருந்தால் நான்கு இடத்தைப் பாருங்கள்: காய்கறிப் பெட்டிக்கு அடியில் உள்ள பள்ளம், பின்சுவரில் உள்ள வடிகால் துளை, பின்னால் கம்ப்ரசருக்கு மேலுள்ள தண்ணீர் டிரே, கதவு ரப்பரின் மடிப்பு. வடிகால் துளையில் பெரும்பாலும் ஒரு கொத்தமல்லிக் காம்பு குறுக்கே நிற்கும், அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக ஏதோ படிந்திருக்கும். காம்பை எடுத்துவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு மூன்று தடவையாக உள்ளே செலுத்துங்கள். பின் டிரேயில் தண்ணீர் வந்து விழுந்தால் வழி திறந்துவிட்டது.

அதன்பின் கதவைத் திறந்தபடி ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். ஒரு தட்டில் காபிப் பொடியைப் பரப்பி உள்ளே வைத்து மூடி, இரண்டு மூன்று நாள் விட்டால் மிச்ச வாடையும் இறங்கும். பினாயில், ஊதுபத்தி, வாசனை ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் அதை உறிஞ்சிக்கொண்டு, பின்னர் வைக்கும் தயிரெல்லாம் அந்த வாடையடிக்கும். எவ்வளவு செய்தும் நாற்றம் திரும்பத் திரும்ப வந்தால், மீன் தண்ணீர் உள்சுவர் விரிசல் வழியாகத் தெர்மாகோல் போன்ற ஃபோமுக்குள் இறங்கியிருக்கிறது. அதைக் கழுவி எடுக்க வழியில்லை. பணம் செலவழித்து உள்ளே பெயின்ட் அடிப்பதெல்லாம் பயன் தராது.

கிளம்பும் முன் தடுப்பது சுலபம். ஓட விடுகிறீர்கள் என்றால், மீன், கறி எதுவானாலும் இரண்டு கவர் போட்டு, விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டின் மேல் வையுங்கள். கரண்ட் போய் உருகினாலும் அந்தத் தண்ணீர் தட்டிலேயே நிற்கும். ஒரு தட்டு செய்யும் உதவி இது. நிறுத்துகிறீர்கள் என்றால் ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது. வடுமாங்காய், நார்த்தங்காய் ஊறுகாய், நெய் இவற்றுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை, ஈரமில்லாத ஜாடியில் வெளியே இருக்கட்டும். மாவை இரண்டு நாள் முன்பே தீர்த்துவிடுங்கள். நான்கு டிகிரியிலும் அது மெல்லப் புளித்துக்கொண்டேதான் இருக்கும், ஒரு வாரத்தில் மூடியைத் தூக்கிவிடும்.

உள்ளே பூசணம், கதவு ரப்பரில் கறுப்புப் புள்ளி

ஆஃப் செய்து, கழுவி, கதவைச் சாத்திவிட்டுப் போனவர்களுக்கு வருவது இது. ஃபிரிட்ஜ் கதவு காற்றுப் புகாமல் மூடுவதற்கென்றே செய்தது. உள்ளே ஒரு கை ஈரம் இருந்தாலும் வெளியேற வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை ஓதத்தில் பத்து நாளில் பூத்துவிடும்.

கேஸ்கெட் என்கிற கதவு ரப்பரைக் கீழ்ப்பக்கம் விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். மேல்பக்கம் சுத்தமாக இருக்கும், தண்ணீர் இறங்கித் தங்கும் கீழ் மடிப்பில்தான் மிளகுத்தூள் தூவியது போல வரிசையாகக் கறுத்திருக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்து, மூலைகளை இயர் பட்ஸால் எடுங்கள். உள்சுவருக்கு, 4 லிட்டர் தண்ணீரில் 15 மில்லி ப்ளீச் கலந்து துடைத்து, வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். ப்ளீச் போட்ட அன்று வினிகர் பக்கமே போகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். ரப்பரை வெயிலில் காய வைக்கவும் வேண்டாம், விறைத்துப்போகும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். கண்ணுக்கு ஐஸ் தெரியாது, ஆகவே கிளம்பும் காலையில் ஆஃப் செய்து துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஐஸ் இல்லாமலில்லை, ஃப்ரீசரின் பின் பலகைக்குள் இருக்கும் காயிலில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) படிந்திருக்கிறது. நீங்கள் பஸ் ஏறியபின் அது உருகிச் சொட்ட ஆரம்பிக்கும். எந்த வகை ஃபிரிட்ஜானாலும் கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பு நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, கடைசியாக ஒருமுறை துடையுங்கள்.

போகும்போது கதவு நான்கு விரல் அகலமாவது திறந்திருக்க வேண்டும். ஒரு துண்டைச் சுருட்டிக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து, கைப்பிடியோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களோடு சின்னப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் இந்தக் கட்டு மிக முக்கியம். திறந்து கிடக்கும் ஃபிரிட்ஜுக்குள் பிள்ளை ஏறி, கதவு சாத்திக்கொண்டால் மூச்சு முட்டிவிடும். அந்த வீட்டில் தட்டுகளைக் கழற்றாமல் உள்ளேயே விட்டுவைப்பதும் நல்லது.

சில மாடல்களில் வெக்கேஷன் மோட் இருக்கும். அதில் ஃப்ரீசர் குளிர்ந்தே இருக்கும், கீழ்ப்பகுதி ஏறத்தாழ 15 டிகிரியில் நிற்கும். காலி ஃபிரிட்ஜுக்கு அது நல்ல ஏற்பாடு. பால் பாக்கெட்டை வைத்துவிட்டு அதைப் போட்டால் கெட்டுப்போகும்.

ஃப்ரீசர் முழுக்க ஐஸ் கட்டி, கதவு மூடவில்லை

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்தான் இது. ஐஸ் அரை சென்டிமீட்டர் தடிமனாகும்போதே டிஃப்ராஸ்ட் செய்திருக்க வேண்டும், அதாவது உருக்கி எடுத்திருக்க வேண்டும். அதற்கு மேல் படிந்தால் ஐஸே கம்பளி போர்த்தியதுபோல் குளிரைத் தடுக்கிறது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, ஓட ஓட இன்னும் ஐஸ் சேர்கிறது. தெர்மோஸ்டாட் குமிழின் நடுவிலுள்ள பட்டனை அழுத்துங்கள், அல்லது ஆஃப் செய்து ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்துக் கதவைத் திறந்து விடுங்கள். கீழே பழைய துணி, தட்டு.

கத்தியால், ஸ்க்ரூ டிரைவரால் குத்தாதீர்கள். அந்தச் சுவருக்குள்ளேயே கேஸ் போகும் குழாய் இருக்கிறது. புஸ்ஸென்று சத்தம் கேட்டால் ஃப்ரீசர் போய்விட்டது. புது ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ கேஸ் தீப்பிடிக்கக் கூடியது, ஆகவே அடுப்பு, தீக்குச்சி, பூஜை விளக்கு எதுவும் ஏற்றாமல் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

ஐஸ் மீண்டும் மீண்டும் வேகமாகப் படிந்தால் கதவு ரப்பரைச் சோதியுங்கள். பத்து ரூபாய் நோட்டை ரப்பருக்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுகிப் பிடித்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஓதக்காற்று உள்ளே போகிறது. நான்கு பக்கமும் ஒரு சாண் விட்டு ஒரு சாண் பார்க்க வேண்டும்.

தரையில் தண்ணீர்

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தால் வடிகால் துளை அடைப்பு. மேலே சொன்ன சிரிஞ்ச் வைத்தியம். நின்றுபோயிருந்தால் ஐஸ் உருகிய தண்ணீர். ஈரத்தில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடாதீர்கள், எம்சிபியை இறக்கிவிட்டுத் துடையுங்கள்.

பின் டிரேயில் கொசுப்புழு

டெங்கு ஒழிப்புக்கு வரும் பணியாளர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபிரிட்ஜின் பின்னால் பார்ப்பது இதற்காகத்தான். ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். முட்டை டிரேயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டு ஓரங்களைத் தேய்க்க வேண்டும். கிளம்பும் நாளில் இதைச் செய்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் காரணம்: கடைசித் துளியும் டிரேக்கு வந்தபின்தான் துடைப்பதில் பொருளிருக்கிறது.

எறும்பு, கரப்பான் வந்திருந்தால் எங்கோ சர்க்கரைப் பிசுக்கு விட்டிருக்கிறீர்கள். அறுவடை முடிந்ததும் வயலெலி வீட்டுக்கு வரும், கம்ப்ரசர் பக்கத்து ஒயரைக் கடித்துவைக்கும். பல நாள் நின்ற ஃபிரிட்ஜை ஆன் செய்யும் முன் டார்ச் அடித்துப் பின்பக்கம் ஒருமுறை பாருங்கள். செம்பு தெரிந்தால் பிளக்கைச் சொருகாதீர்கள்.

ஆன் செய்தால் உர்ரென்று உறுமி, க்ளிக் என்று நின்றுவிடுகிறது

கம்ப்ரசர் எழ முயன்று முடியாமல், ஓவர்லோட் பாதுகாப்பு அதை நிறுத்துகிறது. முதல் சந்தேகம் வோல்டேஜ். ஸ்டெபிலைசரில் பாருங்கள். 170-க்குக் கீழே காட்டினால் ஆஃப் செய்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் முயலுங்கள். கோடையில் பம்ப்செட்டெல்லாம் ஓடும் நேரத்தில் கிராமத்து லைனில் இது சகஜம். இரண்டாவது, கரண்ட் போய் உடனே வந்தால் உள்ளே அழுத்தம் சமமாகியிருக்காது. 5 நிமிடம் விட்டு ஆன் செய்யுங்கள். ஓட விட்டுப் போகிறவர்களுக்கு, இந்தத் தாமதத்தைத் தானே கொடுக்கும் ஸ்டெபிலைசர் இருப்பது நல்லது. வோல்டேஜ் 220 இருந்தும் க்ளிக் நிற்கவில்லையென்றால் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே, கெபாசிட்டர், இல்லை கம்ப்ரசரே, இந்த மூன்றில் ஒன்று. மெக்கானிக் வரும்வரை திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். சில நூறு ரூபாய் ரிலேயோடு முடிய வேண்டியது கம்ப்ரசரில் போய் நிற்கும்.

ஓடுகிறது, குளிரவில்லை

முதலில் குமிழ். நிறுத்தும்போது பூஜ்யத்தில் வைத்ததை மறந்திருப்பீர்கள். நடுவில் வைத்து, காலியாகவே ஓட விடுங்கள். கோடையில் முழுக் குளிர் வர ஒரு நாள்கூட ஆகும், இரண்டு மணி நேரத்தில் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அதில் தெர்மாமீட்டரை இரவு முழுக்க விட்டு, காலையில் 4 டிகிரி காட்டினால் பொருள் அடுக்கலாம். ஃப்ரீசர் மைனஸ் 18. கம்ப்ரசர் ஓயாமல் ஓடியும் ஃப்ரீசரின் ஒரே ஒரு மூலையில் மட்டும் ஐஸ் படிந்தால் கேஸ் கசிந்திருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பின் காயிலை அரிப்பதால் இதை அதிகம் பார்க்கலாம்.

ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின்

வீட்டில் விட்டுப் போகவே கூடாது. எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லை என்று தெரியாத ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் பார்க்கத் தெளிவாகவே இருந்தாலும் வீரியம் குறைந்திருக்கலாம். உறைந்துபோனதை எறிந்துவிடுங்கள். கையோடு எடுத்துப்போகும்போது ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைக்காமல், துணி சுற்றி வையுங்கள்.

மழை வெள்ளம் உள்ளே வந்து ஃபிரிட்ஜ் நனைந்திருக்கிறது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட மாதத்தில் ஒரு வாரத்துக்குமேல் போகிறீர்கள் என்றால் ஓட விடுவதைவிட நிறுத்திக் காய வைத்துவிட்டுப் போவதே மேல் என்பது எங்கள் கருத்து. பிளக்கைப் பிடுங்கி ஒயரை மேலே சுற்றிவைத்து, ஃபிரிட்ஜை ஸ்டாண்டின் மேலோ அசையாத பலகையின் மேலோ ஏற்றுங்கள். கம்ப்ரசர் அடியில்தான் இருக்கிறது, அரை அடி உயரமே பல வீடுகளில் காப்பாற்றும்.

தண்ணீர் கம்ப்ரசர் வரை ஏறிவிட்டது என்று சுவரிலுள்ள சேற்றுக்கோடு காட்டினால், வெளியில் காய்ந்துவிட்டதே என்று ஆன் செய்யாதீர்கள். ரிலே மூடிக்குள் வண்டல் தங்கியிருக்கும். மெக்கானிக் அந்த மூடியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, பாடிக்குக் கரண்ட் கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தபின்தான் பிளக்கைச் சொருக வேண்டும்.